தேதி தப்பியவர்கள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டைலர் என்றொரு ஊர். ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போனது. 1977 செப்டம்பரில் ஒரு நாள் விடிந்தும் விடியாத காலை 6 மணிக்கு அங்கே நீதிமன்றம் கூடியது. வழக்குப் போட்டவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்து தங்கிவிட்ட நான்கு குடும்பத்தார். குடியேற்ற ஆவணம் எதுவும் அவர்களிடம் கிடையாது. ஊர் விழித்துக்கொண்டால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும் என்றுதான் நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் அந்த நேரத்தைக் குறித்திருந்தார். சாட்சி சொன்ன பிறகு வீட்டுக்குத் திரும்புவோமா, அப்படியே எல்லைக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்களா என்று தெரியாததால், பெற்றோர்கள் வீட்டுச் சாமான்களையும் துணிமணிகளையும் காரில் அடைத்துக்கொண்டே கோர்ட்டுக்கு வந்திருந்தார்கள்.

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முறைப்படி நாட்டுக்குள் வராத குழந்தைகளுக்கு அரசுப் பணம் செலவழிக்கக் கூடாது என்று டெக்சஸ் 1975இல் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு டைலர் பள்ளி நிர்வாகம் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது. ரோஜாத் தோட்டம் போன்ற இடங்களில் கூலி வேலை பார்ப்பவர்கள் எங்கே போவார்கள்? வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1982 ஜூன் 15 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்க முடியாது, பள்ளிக் கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்றார் நீதிபதி பிரென்னன். 'ப்ளைலர் எதிர் டோ' என்று அந்த வழக்கைச் சொல்வார்கள். அடையாளத்தை மறைக்க வேண்டியவர்களுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் சூட்டும் பொதுப்பெயர்தான் 'டோ'.

அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ஆகவே ஆவணமில்லாத ஒரு குழந்தை அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புவரை மற்றக் குழந்தைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கொடிக்கு வணக்கம் சொல்லி, கால்பந்து ஆடி வளர்கிறது. பிறகு பள்ளிப் படிப்பு முடிகிறது. மறுநாள் காலையில் வேலைக்குப் போக உரிமை இல்லை, அரசின் கல்விக் கடன் இல்லை, பல மாநிலங்களில் வண்டி ஓட்ட உரிமமும் இல்லை.

இந்தக் கட்டுரை அப்படி ஆவணமில்லாமல் வாழ்பவர்களைப் பற்றியது. பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் அவர்கள் 1 கோடியே 40 லட்சம் பேர். 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று ஒரு தரப்பும் 'ஆவணமற்றோர்' என்று மறுதரப்பும் சொல்கின்றன. எந்தப் பெயரைச் சொன்னாலும் நம் மனத்தில் எழுவது ஒரே படம்தான்: இரவில் சுவர் ஏறிக் குதிக்கும் ஓர் ஆள். பெருந்திரளான பேர் அப்படி வரவில்லை. விமானத்தில், விசாவோடு, அதிகாரி முத்திரை குத்த, புன்னகையோடு உள்ளே வந்தவர்கள். குறித்த நாளில் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

மகனையோ மகளையோ பார்க்க நியூஜெர்சிக்கும் டல்லாஸுக்கும் போய்வந்த பெற்றோருக்கு இது எளிதில் புரியும். நாட்டுக்குள் நுழையும்போது போடும் ஐ-94 பதிவில் ஒரு தேதி இருக்கும். சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதிவரை நீங்கள் மதிப்புக்குரிய விருந்தாளி. பேரக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நீட்டிப்பும் கேட்காமல் தங்கிவிட்டால், மறுநாள் காலையில் அதே ஆள், அதே சட்டை, அதே காபி டம்ளர், ஆனால் அந்த 1.4 கோடிப் பேரில் ஒருவர். எச்-1பி விசாவில் இருக்கும் மென்பொருள் பொறியாளருக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலையோ வேறு விசாவோ ஊருக்கு டிக்கெட்டோ ஏற்பாடு செய்தாக வேண்டும். 61ஆம் நாள் அவருடைய படிப்போ சம்பளமோ துணைக்கு வராது.

இவர்களை ஒரு தனி இனமாக, ஒரு குற்றக் கும்பலாக எண்ணுவதில் உள்ள பிசகு இங்கேதான் இருக்கிறது. ஓர் ஆள் எப்படிப்பட்டவர் என்பதை வைத்து இந்த நிலை வருவதில்லை. ஒரு தேதிக்கு அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை வைத்து வருகிறது. அந்தத் தேதிகளை எழுதியது அமெரிக்க நாடாளுமன்றமும் அதிபர்களும். சிலரைக் கருதி மாற்றியும் இருக்கிறார்கள்.

எங்கள் தாத்தா முறைப்படி வந்தார்

இன்றைய அமெரிக்கர் பலர் பெருமையாகச் சொல்லும் ஒரு வசனம் உண்டு. எங்கள் தாத்தா முறைப்படி வந்தார், இவர்களும் அப்படி வரலாமே என்பார்கள். தாத்தா ஐரோப்பாவிலிருந்து 1921க்கு முன் கப்பலேறியவராக இருந்தால், அவர் காலத்தில் மீற வேண்டிய முறை என்று பெரிதாக எதுவும் இல்லை. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு என்பதே 1921வரை கிடையாது. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இறங்கி, மருத்துவர் கண்ணைப் பார்த்து, எழுத்தர் பெயரைக் கேட்டுவிட்டால் பெரும்பாலோருக்கு அன்றே வழி திறந்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் என்பார்கள்.

சீனர்களுக்கு மட்டும் வேறு கதை. 1882இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளர்களுக்குக் கதவைச் சாத்தியது. அமெரிக்க மண்ணில் 'சட்டவிரோதமாக' வந்தவர் என்ற வகையே ஏறக்குறைய அங்கிருந்துதான் பிறக்கிறது. 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் பூகம்பம். தொடர்ந்து வந்த தீயில் நகரின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து சாம்பலாயின. 'நான் இங்கேயே பிறந்தவன், பதிவேடுதான் எரிந்துபோயிற்று' என்று சீனர்கள் சொன்னால் மறுக்க ஆதாரம் இல்லை. குடிமகன் ஆனவர் ஊருக்குப் போய்த் திரும்பி, தனக்கு இத்தனை மகன்கள் பிறந்திருக்கிறார்கள் என்று பதிவார். பிறக்காத அந்த மகன்களின் இடம் பிறகு விலைக்குப் போகும். வாங்கியவர்களைக் 'காகித மகன்கள்' என்றார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் விசாரிக்கும் அதிகாரிகள் ஊரில் உங்கள் வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில் என்றெல்லாம் கேட்பார்கள். அதற்காகக் கையெழுத்துக் குறிப்பேடுகளைக் கப்பலில் மனப்பாடம் செய்து, கரை தெரிந்ததும் கடலில் எறிந்துவிடுவார்கள். பேரன் காலம்வரை பொய்ப் பெயரிலேயே வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன.

ஐரோப்பியருக்கும் 1924இல் நாடுவாரி ஒதுக்கீடு கெடுபிடியானது. எல்லைக் காவல் படையும் அந்த ஆண்டில்தான் உருவானது. ஒதுக்கீட்டுக்குள் இடம் கிடைக்காமல் கனடா வழியாகவும் மெக்சிகோ வழியாகவும் நுழைந்த இத்தாலியர், போலந்துக்காரர், யூதர் ஏராளம். 1929இல் நாடாளுமன்றம் இரண்டு காரியங்கள் செய்தது. அனுமதியின்றி எல்லை தாண்டுவதைக் குற்றமாக்கியது. அதே ஆண்டில், 1921 ஜூன் 3க்கு முன்பே வந்து நல்லபடியாக வாழ்ந்துவருபவர்கள் பெயரைப் பதிந்து நிரந்தர வசிப்புரிமை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சட்டம் போட்டது. நம் ஊரில் புறம்போக்கில் பல காலமாகக் குடியிருப்பவருக்குப் பட்டா கொடுப்பார்களே, அந்த மாதிரி. பதிந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியரும் கனடியரும் என்று வரலாற்றாசிரியர் மே நாய் எழுதியிருக்கிறார். முறைப்படி வந்த தாத்தாக்களில் இவர்களும் அடக்கம்.

வயல் அதே, ஆள் அதே

மெக்சிகோவின் கதையில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1942இல் அமெரிக்காவே மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டு விவசாயக் கூலிகளை அழைத்தது. பிரசேரோ திட்டம் என்று பெயர். 22 ஆண்டுகளில் 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள். கலிபோர்னியாவின் சர்க்கரை பீட்டும் தக்காளியும் அவர்கள் கையில் வளர்ந்தன. 1964இல் திட்டத்தை மூடினார்கள். அடுத்து வந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இன ஒதுக்கீட்டை ஒழித்த முற்போக்குச் சட்டம். இந்தியர்களுக்கு அமெரிக்கக் கதவைத் திறந்ததும் அதுதான். அதே சட்டம்தான் மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக 1,20,000 என்று உச்சவரம்பு விதித்தது. 1976இல் நாட்டுக்கு 20,000 என்று அதையும் சுருக்கினார்கள். வயல் அதே, முதலாளி அதே, அறுவடைக்கு வரும் ஆளும் அதே. சட்டத்தில் மட்டும் அவர் பெயர் மாறிவிட்டது.

அப்போதும் அவர்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பருவத்துக்கு வேலை, பொங்கலுக்கு ஊர் என்கிற நம்மூர்க் கரும்பு வெட்டும் ஆட்களின் வாழ்க்கைதான். அதை நிறுத்தியது எல்லைக் காவல். 1994இல் சான் டியாகோ பக்கம் வேலியும் விளக்கும் படையுமாகக் கெடுபிடி கூடியதும் போக்குவரத்து அரிசோனாப் பாலைவனத்துக்குத் திரும்பியது. வெயிலுக்கு அஞ்சித் திரும்பிவிடுவார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. திரும்பவில்லை. உள்ளே வந்தவர்கள் மறுபடி இந்த ஆபத்தில் இறங்க வேண்டாமென்று நிரந்தரமாகத் தங்கி, மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டார்கள். ஆட்களை வெளியே நிறுத்தக் கட்டிய வேலி ஆட்களை உள்ளே பூட்டிவிட்டது என்பதைச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸ்ஸி பல ஆண்டுக் களத் தரவுகளோடு நிறுவியிருக்கிறார். குடியேற்றக் கொள்கையைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு கசப்பான முடிவு வேறில்லை.

வர முடியாதவர்கள் பாலைவனத்திலேயே கிடக்கிறார்கள். அரிசோனாவின் டூசான் நகரிலுள்ள பிமா வட்டாரப் பிரேதப் பரிசோதனை அலுவலகம் கால் நூற்றாண்டாக எலும்புகளுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது. மானிடவியலாளர் ஜேசன் டி லியோன் ஒரு கண்காட்சி நடத்துகிறார். சுவர் நிறைய அரிசோனா எல்லையின் வரைபடம். அதில் பிணத்தின் கால்விரலில் கட்டும் சீட்டுகள் 3,200க்கு மேல், ஒவ்வொன்றும் உடல் கிடைத்த இடத்திலேயே தொங்கும். பெயர் தெரிந்தவர்களுக்கு மணல் நிறச் சீட்டு, தெரியாதவர்களுக்கு ஆரஞ்சு. பார்வையாளர்களே கையால் எழுதி மாட்ட வேண்டும். உயிரோடிருக்கும்வரை கிடைக்காத அரசு ஆவணம், செத்த பிறகு சிலருக்கு அந்தச் சீட்டாகவேனும் கிடைக்கிறது. ஆரஞ்சுச் சீட்டுக்காரர்களுக்கு அதிலும் பெயர் இல்லை.

எங்கே இருக்கிறது அந்த வரிசை?

'வரிசையில் நின்று வரட்டுமே' என்பது நியாயமான பேச்சு போலத் தோன்றும். வரிசை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம்.

மெக்சிகோவின் ஓவாஹாக்காவில் சோளம் விளைவிக்கும் ஒரு குடியானவர் சட்டப்படி அமெரிக்காவில் குடியேற விரும்புகிறார். குடிமகனான உடன்பிறப்பு யாராவது அங்கே இருந்தால் விண்ணப்பிக்கலாம். மெக்சிகோக்காரர்களுக்கு அந்த வரிசை 20 ஆண்டுக்கும் மேல். வேலை வழி? பட்டமோ தேர்ந்த தொழிலோ இல்லாதவர்களுக்கு உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 கிரீன் கார்டுக்கு மேல் சட்டம் அனுமதிக்கவில்லை. அதிலும் குடும்பத்தாருக்குப் போக மிச்சம். குலுக்கல் முறை விசா உண்டு. ஏற்கெனவே அதிகம் பேர் வரும் நாடுகள் அதில் சேர்த்தி இல்லை, மெக்சிகோவும் இந்தியாவும் உட்பட. பருவகால விவசாய விசா கிடைக்கும். அறுவடை முடிந்தால் கிளம்ப வேண்டும். எத்தனை ஆண்டு வந்தாலும் அது கிரீன் கார்டாக மாறாது. ஆக அவருக்கு வரிசையே இல்லை.

சரி, வந்தவர் அமெரிக்கரைக் கல்யாணம் செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது சினிமா. விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவருக்கு அது பெரும்பாலும் உண்மை. எல்லை தாண்டி வந்தவருக்கோ பொறி வேறு மாதிரி. அவர் நாட்டை விட்டு வெளியேறித் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 180 நாளுக்கு மேல் ஆவணமின்றி இருந்தவர் வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டு இருந்தவர் வெளியேறினால் 10 ஆண்டும் திரும்ப வர முடியாது. மனைவிக்குக் கடுந்துன்பம் நேரும் என்று நிரூபித்து விலக்கு கேட்கலாம், அதற்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சட்டப்படி நடக்க முயல்கிறவரைத்தான் இந்தச் சட்டம் தண்டிக்கிறது. பேசாமல் இருக்கிற இடத்திலேயே இருப்பவரை அது தொடுவதில்லை.

எந்த நாட்டுக்கும் தன் எல்லையில் யார் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு. அதை மறுப்பதற்கில்லை. அந்த உரிமையை வைத்துக்கொண்டே உழைப்பை மட்டும் உள்ளே விட்டு, ஆளை வெளியே நிறுத்தும் தந்திரத்தைப் பற்றித்தான் பேச்சு.

கணக்கில் வராத பணம்

1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்கு ஆவணம் கொடுத்தது. 1982 ஜனவரி 1க்கு முன்பிருந்து இங்கே வசித்ததை அவர்கள் நிரூபிக்க வேண்டும். விவசாயக் கூலிகள் என்றால் குறித்த ஓராண்டில் 90 நாள் வயலில் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். வாடகை ரசீது, கூலிச் சீட்டு, பள்ளிக்கூடத்துக் கடிதம், பாதிரியாரின் சான்று என்று கட்டுக்கட்டாய்க் கொண்டுவந்தவர்கள் பிழைத்தார்கள். ரொக்கத்தில் கூலி வாங்கி, கடுதாசி எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள் தவறவிட்டார்கள். அந்தப் பாடத்தை அச்சமூகம் மறக்கவே இல்லை. ஆவணமில்லாதவர் வீட்டில்தான் காகிதம் அதிகம் சேரும். மின்கட்டணம், தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல், எதையும் எறிய மாட்டார்கள். என்றைக்காவது வாஷிங்டனில் ஒரு கதவு திறந்தால், இந்தத் தேதியிலிருந்து இங்கேதான் இருக்கிறேன் என்று காட்ட வேண்டுமே.

வரி கட்டுவதற்கும் அது ஒரு காரணம். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் வரி செலுத்த 1996இல் வருமான வரித் துறை ஒரு தனி எண் கொடுக்கத் தொடங்கியது. குடியேற்ற நிலை என்னவென்று அது கேட்பதில்லை. வாஷிங்டனிலுள்ள வரிக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்றின் மதிப்பீட்டின்படி 2022இல் ஆவணமற்றோர் கட்டிய மொத்த வரி 9,670 கோடி டாலர். அதில் 2,570 கோடி டாலர் சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் போனது. முதுமையில் ஓய்வூதியம் கொடுக்கும் அந்த நிதியிலிருந்து இவர்களால் ஒரு டாலர்கூட எடுக்க முடியாது. முதலாளி கேட்கிறாரே என்று வேறு எண்ணைக் காட்டி வேலையில் சேர்ந்தவரின் சம்பள விவரம், பெயரும் எண்ணும் ஒத்துப்போகாததால் தனியாக ஒரு கோப்பில் போய்ச் சேர்கிறது. கணக்கில் வராத பணம் என்று நம் ஊரில் வேறொன்றைச் சொல்வோம்!

முதலாளிக்கு இதில் என்ன பொறுப்பு? அதே 1986ஆம் ஆண்டுச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பவர் ஆவணத்தைப் பார்க்க வேண்டும் என்கிறது. பார்வைக்கு உண்மையானது போலிருந்தால் போதும். பெரும்பாலான முதலாளிகளின் பார்வை தாராளமானது. தொழிலாளி சங்கம் சேர்க்கத் தொடங்கும்போதுதான் அது திடீரென்று கூர்மையாகும். கலிபோர்னியா பிளாஸ்டிக் ஆலை ஒன்றில் சங்கம் அமைக்க முயன்றதற்காகச் சட்டவிரோதமாக நீக்கப்பட்ட ஒருவர், தனக்கு ஆவணம் இல்லை என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார். அதனால் இழந்த சம்பளத்தைக் கேட்க அவருக்கு உரிமையில்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பும் 5க்கு 4தான்.

கொரோனா காலத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்க வயல்களில் பயிர் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு 40 பேர் அளவில் ஆவணமற்றவர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், அவர்கள் கையில் பண்ணை முதலாளிகள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அறிவிப்புப்படி இவர் நாட்டின் உணவுக்கு அத்தியாவசியமான தொழிலாளர், வேலைக்குப் போகும்போது போலீஸ் மறித்தால் காட்டவும் என்பது அதன் சாரம். அவர்களைத் தேடிப் பிடித்து நாடு கடத்தும் 'ஐஸ்' படையும் அதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ்தான் இருக்கிறது. அரசு வீடுதோறும் அனுப்பிய கொரோனா நிவாரணக் காசோலை அவர்களுக்கு வரவில்லை. அவர்களோடு சேர்ந்து வரிக் கணக்குக் காட்டிய, அமெரிக்கக் குடிமக்களான மனைவிக்கும் கணவனுக்கும்கூட முதல் தவணை மறுக்கப்பட்டது.

பதினாறு வயதில் தெரிந்த செய்தி

ஹோசே அன்டோனியோ வர்காஸ் பிலிப்பைன்ஸிலிருந்து 12 வயதில் கலிபோர்னியாவில் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். 16 வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனார். கவுண்டரில் இருந்த பெண் அவருடைய கிரீன் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது போலி, இனி இங்கே வராதே என்று தாழ்ந்த குரலில் சொல்லி அனுப்பினார். அதுவரை அவருக்கே தெரியாது. பிறகு பத்திரிகையாளரானார். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்கு 2008இல் புலிட்சர் பரிசு பெற்றுத்தந்த குழுவில் ஒருவர். 2011இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் தன் நிலையைத் தானே எழுதி வெளியிட்டார். இத்தனை ஆண்டு ஒவ்வொரு படிவத்திலும் எதற்கெல்லாம் பொய் சொன்னேன் என்று பட்டியலிட்டுவிட்டு, கைது செய்யட்டும் என்று காத்திருந்தார். உடனே யாரும் வரவில்லை.

மறு ஆண்டு, ப்ளைலர் தீர்ப்பின் முப்பதாம் ஆண்டு நாளான 2012 ஜூன் 15 அன்று, அதிபர் ஒபாமா டாக்கா திட்டத்தை அறிவித்தார். 16 வயதுக்குள் வந்து, 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இங்கே வசித்து, அறிவிப்பு நாளில் 31 வயது நிறையாதவர்களுக்கு இரண்டிரண்டு ஆண்டாக வேலை அனுமதி, நாடு கடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செவிலியராகவும் ஆசிரியராகவும் தலைநிமிர முடிந்தது. வர்காஸுக்கு அன்று வயது 31. சில மாதங்களில் அவர் தேதி தப்பிவிட்டார்.

இந்தத் திட்டத்தில் இந்தியக் குடும்பங்கள் அதிகம் பேசாத ஓர் இடைவெளி உண்டு. எச்-1பி பெற்றோரோடு மூன்று வயதில் வந்து சட்டப்படியே வளர்ந்த பிள்ளைகள், அன்றைய தேதியில் ஆவணம் வைத்திருந்த காரணத்தாலேயே டாக்காவுக்குத் தகுதி இழந்தார்கள். நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் பெற்றோரின் கிரீன் கார்டு பல பத்தாண்டு தள்ளிப்போகிறது. அதற்குள் பிள்ளைக்கு 21 வயது முடிந்துவிட்டால் பெற்றோரின் விசாவில் இடமில்லை. மாணவர் விசாவோ இந்தியாவுக்கு டிக்கெட்டோ எடுக்க வேண்டியதுதான். தமிழே சரியாகப் பேச வராத அந்தப் பிள்ளைக்குக் கோயம்புத்தூர் விமான நிலையம் எப்படிச் சொந்த ஊராகும்?

ஆவணமில்லாத மெக்சிகோத் தோட்டக்காரரும் சாஃப்ட்வேர் வீட்டுப் பிள்ளையும் ஒன்றா என்று சிலருக்குக் கோபம் வரும். புறநகர் வீடுகளில் புல் வெட்ட வருபவரைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு அது இயல்பு. ஆனால் பியூ மையத்தின் பட்டியலில் ஆவணமற்றோர் அதிகம் வந்த முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவும் உண்டு. 2025 பிப்ரவரி 5 அன்று அமிர்தசரஸில் இறங்கிய அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்கள் இருந்தார்கள், கையில் விலங்கு, காலில் சங்கிலி. பெரும்பாலோர் ஹரியாணா, குஜராத், பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். நிலத்தை விற்று ஏஜென்டுகளுக்குப் பல லட்சம் கொட்டி, நாடு நாடாகத் தாவி, பனாமாக் காட்டைக் கடந்து போகும் 'டங்கி' பாதையில் போனவர்கள். 2022 ஜனவரியில் கனடா எல்லைப் பனியில் உறைந்து இறந்த நால்வர் குடும்பம் குஜராத்தின் டிங்குச்சா கிராமத்திலிருந்து போனது. கடைக்குட்டிக்கு 3 வயது.

முகவரி கொடுத்தவர்கள்

2025இல் ஆட்சி மாறியதும் விதிகள் தலைகீழாயின. பள்ளி, தேவாலயம், மருத்துவமனை ஆகிய இடங்களில் பொதுவாகக் கைது செய்வதில்லை என்ற வழிகாட்டுதல் ஜனவரியில் போயிற்று. ஏப்ரலில், ஆவணமற்றோர் தாமாக முன்வந்து அரசிடம் பெயர் பதிய வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அதே மாதம் வருமான வரித் துறை, வரி செலுத்துவோரின் முகவரியைக் குடியேற்ற அதிகாரிகளோடு பகிர ஒப்பந்தம் போட்டது. அது நீதிமன்றங்களில் கேள்விக்குள்ளானது வேறு விஷயம். நல்ல பெயர் கிடைக்கும் என்று வரி கட்டியவர்கள்தான் முகவரி கொடுத்தவர்களும். குடியேற்ற நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தவர்களை நியூயார்க்கில் அதே கட்டடத்தின் நடைகூடத்திலேயே பிடித்தார்கள். வராதவர்கள் தப்பித்தார்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே கணக்கு.

வீடுகளில் இப்போது புதுக் காகிதங்கள் சேர்கின்றன. சட்ட உதவி அமைப்புகள் அச்சிட்டுத் தரும் சிவப்பு அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. நீதிபதி கையெழுத்திட்ட ஆணையில்லாமல் கதவைத் திறக்க வேண்டாம், பேச வேண்டாம் என்று இரு மொழியில் அதில் எழுதியிருக்கும். 'ஐஸ்' அதிகாரிகள் தம் துறைக்குள்ளேயே கையெழுத்திட்டுக் கொண்டுவரும் தாள் நீதிபதியின் ஆணை ஆகாது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைகளும் கற்றிருக்கிறார்கள். நாங்கள் மாலை வீடு திரும்பாவிட்டால் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போகவும் மருத்துவம் பார்க்கவும் இன்னாருக்கு அதிகாரம் என்று பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பத்திரமும் உண்டு. ஆவணமற்ற பெற்றோருக்குப் பிறந்த, அமெரிக்கக் குடிமக்களான பிள்ளைகள் 40 லட்சத்துக்கு மேல்.

பயத்தின் விலை உடம்பிலும் தெரியும். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்தபோது, சில விநியோக மையங்களில் அடையாள அட்டை கேட்டதால் ஆவணமற்ற குடும்பங்கள் பாட்டில் தண்ணீர் வாங்கப் போகவில்லை. கார்லா கோர்னேஹோ விலாவிசென்சியோ என்ற எழுத்தாளர், தானே ஈக்வடாரிலிருந்து வந்து ஆவணமின்றி வளர்ந்தவர், அந்த ஊருக்குப் போய் எழுதியிருக்கிறார். இரட்டைக் கோபுர இடிபாடுகளை அள்ளி நோயாளியானவர்களையும் நடைபாதையில் கூலிக்கு நிற்பவர்களையும் அவர் எழுதும்போது யாரையும் தியாகி ஆக்குவதில்லை. குடிக்கிறார்கள், பொய் சொல்கிறார்கள், காதலிக்கிறார்கள், சலித்துக்கொள்கிறார்கள். மாநிலத்தில் முதலாவதாக வந்த மாணவன், ராணுவத்தில் சேரத் துடிக்கும் இளைஞன் என்று விதிவிலக்கானவர்களை மட்டுமே மேடையேற்றும் ஆதரவாளர்களைவிட அவருடைய நேர்மை எனக்கு உவப்பு. சாதாரணமாக இருக்கும் உரிமையும் மனிதருக்கு வேண்டும்தானே.

இதற்கெல்லாம் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றில்லை. 1929ஆம் ஆண்டின் அந்தப் பதிவுச் சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. அதன் தேதியை 1940, 1958, 1965, 1986 என நான்கு முறை நாடாளுமன்றம் முன்னகர்த்தியது. கடைசியாக வைத்த தேதி 1972 ஜனவரி 1. அதன் பிறகு யாரும் தொடவில்லை. 1973இல் கைக்குழந்தையாக எல்லை தாண்டித் தூக்கிவரப்பட்டு, அரை நூற்றாண்டு இங்கேயே வாழ்ந்து, வரி கட்டி, பேரன் பேத்தி பார்த்தவருக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. குறிப்பிட்ட தேதி என்று ஒன்று இல்லாமல், ஏழு ஆண்டு வசித்த எவரும் விண்ணப்பிக்கலாம் என மாற்றக் கோரும் மசோதா 2022இலும் 2023இலும் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இரண்டு முறையும் வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.